தோட்டத்துக்கு ஒரு மூங்கில் குழல் பெட்டி: தனித் தேனீக்களுக்கு இடம் கொடுப்போம்

பூசணிக் கொடி செழித்துப் படர்ந்திருக்கிறது. பூவும் நிறையப் பூக்கிறது. ஆனால் பிஞ்சு மட்டும் எலுமிச்சை அளவு வந்ததும் மஞ்சளாகி, சுருங்கி, உதிர்ந்துவிடுகிறது. இதற்கு என்ன உரம் போடலாம், என்ன மருந்து அடிக்கலாம் என்று உழவர்கள் கேட்பதுண்டு. உதிர்ந்த பிஞ்சைப் பிளந்து பார்க்க வேண்டும். உள்ளே புழு நெளிந்தால் அது பழ ஈயின் வேலை. புழுவும் இல்லை, துளையும் இல்லை, கொடியும் நலமாகவே இருக்கிறது என்றால், பெரும்பாலும் குறை வேறிடத்தில் இருக்கிறது. ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்கு மகரந்தத்தைக் கொண்டு சேர்க்க ஆள் இல்லை.

பூசணியின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்றில் பறக்காது. ஏதேனும் ஒரு பூச்சிதான் அதைச் சுமக்க வேண்டும். பூ விடியற்காலையில் விரிந்து, முற்பகலிலேயே வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் பூச்சி வரவில்லையென்றால் அந்தப் பூ வீண். ஆகவேதான் பல தோட்டங்களில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவி விடுகிறார்கள். கூலி கொடுத்துச் செய்யும் அந்த வேலையைக் கூலி வாங்காமல் செய்யக் கூடியவை தேனீக்கள்.

தேனீ என்றதும் பெட்டியில் வைத்து வளர்க்கும் அடுக்குத் தேனீயும், மரக்கிளையில் கூடு கட்டும் கொம்புத் தேனீயும், பாறை இடுக்கில் தொங்கும் மலைத் தேனீயும் நினைவுக்கு வரும். இவை கூட்டமாக வாழ்பவை. ஆனால் உலகில் இதுவரை அறியப்பட்டுள்ள தேனீ இனங்கள் 20,000க்கும் மேல். நம் நாட்டில் மட்டும் 700க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதில்லை. ராணி இல்லை, வேலைக்காரத் தேனீ இல்லை, தேன் அடையும் இல்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் தானே துளை தேடி, தானே அறை கட்டி, தானே உணவு சேர்த்து, தன் குஞ்சுகளை ஆளாக்குகிறது. இவற்றைத்தான் தனித் தேனீக்கள் என்கிறோம். இவற்றுக்குத் தோட்டத்தில் ஒரு கூட்டுப் பெட்டி செய்து வைப்பது எப்படி என்பதை இங்கே காண்போம்.

நாம் பார்த்தும் அறியாதவை

ரோஜாச் செடியின் இலை ஓரத்தில் காசு வைத்து வெட்டியதுபோல் வட்ட வட்டமாகத் துண்டு போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். புழு தின்றால் ஓரம் கோணல் மாணலாக இருக்கும். இது கத்தரியால் வெட்டியதுபோல் இருக்கும். இது இலைவெட்டித் தேனீயின் வேலை. 'மெகாகைல்' என்பது இதன் அறிவியல் பெயர். இது இலையைத் தின்பதில்லை. வெட்டிய துண்டைச் சுருட்டி எடுத்துச் சென்று, மூங்கில் துளையிலோ மரப் பொந்திலோ சுருட்டுப் போன்ற அறை கட்டுகிறது. ஓர் அறைக்குப் பத்துப் பதினைந்து துண்டுகள் தேவைப்படும். பக்கச் சுவருக்கு நீள்வட்டத் துண்டு, மூடிக்கு வட்டத் துண்டு என்று அளந்து வெட்டும்.

இதே இனத்தைச் சேர்ந்த வேறு சில, இலைக்குப் பதில் ஈர மண்ணையோ மரப் பிசினையோ கொண்டு அறை கட்டும். கதவுப் பூட்டின் சாவித் துளையிலும், மின்சாரப் பிளக் துளையிலும் மண் அடைத்து வைப்பது குளவி மட்டுமல்ல. பல சமயங்களில் இந்தத் தேனீதான்.

கரிய உடலும் நீலம் மின்னும் இறக்கையுமாகப் பெரும் ரீங்காரத்தோடு வந்து வீட்டு மூங்கிலிலும் பட்ட மரத்திலும் துளை போடும் கருவண்டு உண்டல்லவா? அதுவும் வண்டு அல்ல, தேனீயே. தச்சன் தேனீ என்பது பொருத்தமான பெயர். 'சைலோகோபா' என்பது அறிவியல் பெயர். எறும்பு அளவே இருக்கும் கருமையான சிறு தேனீ ஒன்று, ரோஜா, மயில்கொன்றை போன்றவற்றைக் கவாத்து செய்த இடத்தில் தண்டின் சோற்றைக் குடைந்து உள்ளே வாழ்கிறது. அது 'செராட்டினா' இனம்.

துளைக்குள் நடப்பது என்ன?

பெட்டி செய்யும் முன் அதில் குடியிருப்பவரின் பழக்கத்தை அறிந்துகொள்ள வேண்டும். பெண் இலைவெட்டித் தேனீ ஒரு துளையைத் தேர்ந்தெடுத்ததும் அதன் கடைசி முனையிலிருந்து வேலையைத் தொடங்கும். முதல் அறையைக் கட்டி, பூந்தேனும் மகரந்தமும் குழைத்த களியை அதில் நிரப்பும். அதன் மேல் ஒரே ஒரு முட்டை இட்டு அறையை மூடிவிடும். பிறகு அதற்கு முன்னால் அடுத்த அறை. இப்படி வரிசையாகக் கட்டிக்கொண்டே வந்து, கடைசியில் வாயைக் கனமாக அடைத்துவிடும். நல்ல வெயில் நாளில் ஒன்றிரண்டு அறைகள்தான் முடியும். வாழ்நாள் முழுவதும் முப்பது நாற்பது முட்டை இட்டாலே அதிகம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. உள்பக்க அறைகளில் பெண் முட்டைகளையும், வாயருகே உள்ள அறைகளில் ஆண் முட்டைகளையும் தாய்த் தேனீ இடும். ஆண்கள் முதலில் வெளிவந்து காத்திருக்கும். ஆகவே துளை நீளமாக இருந்தால்தான் பெண் தேனீக்கள் போதுமான அளவு உண்டாகும். துளை குட்டையாக இருந்தால் ஆண்களே மிகுந்துவிடும். நம் பூக்களில் ஓயாமல் உழைப்பது பெண் தேனீ என்பதால், குழலின் நீளத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

முட்டையிலிருந்து வரும் புழு, களியைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, தேனீயாக வெளிவரும். நம் தட்ப வெப்பத்தில் பருவத்தைப் பொறுத்து ஒன்று முதல் இரண்டு மாதம் ஆகலாம். சில, பருவம் சாதகமாகும் வரை துளைக்குள்ளேயே மாதக் கணக்கில் உறங்குவதும் உண்டு.

எந்தப் பயிருக்கு என்ன பயன்?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தனித் தேனீயிடமிருந்து தேன் கிடைக்காது. கிடைப்பது காயும் விதையும்தான்.

துவரை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் பயிர். எனினும் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு அயல் மகரந்தச் சேர்க்கை நடக்கிறது. துவரைப் பூவின் மடல் இறுகியிருக்கும். அதை அழுத்தித் திறக்க வலிமையான பூச்சி வேண்டும். இலைவெட்டித் தேனீயும் தச்சன் தேனீயும் இதில் முன்னணியில் நிற்பவை. ஐதராபாத் அருகே படான்செருவில் உள்ள சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஐ.சி.பி.எச். 8 என்ற வீரிய ஒட்டுத் துவரை 1991 இல் வெளிவந்தது. இத்தகைய வீரிய ஒட்டு விதை உற்பத்தியில் பெண் வரிசைச் செடிகளில் மகரந்தமே இராது. ஆண் வரிசையிலிருந்து தேனீ கொண்டுவந்து கொடுத்தால்தான் காய். அங்கே தேனீ இல்லையென்றால் விதையே இல்லை.

பசுந்தாள் உரத்துக்காகச் சணப்பை விதைக்கும் உழவர்கள், விதையைத் தாங்களே எடுத்துக்கொள்ள விரும்பினால் இந்தத் தேனீக்களின் அருமை புரியும். சணப்பைப் பூவில் பெரிய தேனீ வந்து அழுத்தினால்தான் விதை நன்றாகப் பிடிக்கும். தச்சன் தேனீயும் இலைவெட்டித் தேனீயும் அதற்கு ஏற்றவை.

தீவனப் பயிரான குதிரைமசாலின் கதை சுவையானது. அதன் பூவைத் தொட்டவுடன் உள்ளே மடங்கியிருக்கும் தண்டு விசைபோல் எழுந்து பூச்சியின் தலையில் அடிக்கும். கூட்டுத் தேனீ ஓரிரு முறை அடிபட்டதும், பக்கவாட்டில் மூக்கை நுழைத்துத் தேனை மட்டும் உறிஞ்சிக்கொண்டு போகப் பழகிவிடும். இலைவெட்டித் தேனீ அடியைப் பொருட்படுத்தாமல் பூவுக்குப் பூ திறந்துகொண்டே போகும். ஐரோப்பாவிலிருந்து தற்செயலாக வட அமெரிக்காவில் நுழைந்த ஓர் இலைவெட்டித் தேனீ இனத்தை, 1950களின் இறுதியிலிருந்து அங்குள்ள உழவர்கள் துளையிட்ட பலகைகளில் வளர்க்கத் தொடங்கினர். அமெரிக்காவிலும் கனடாவிலும் குதிரைமசால் விதை உற்பத்தி இன்றும் அந்தச் சிறு தேனீயை நம்பி நிற்கிறது. ஜப்பானில் ஆப்பிள் விவசாயிகள் 1940களிலிருந்தே நாணல் குழல்களைக் கட்டாகக் கட்டித் தொங்கவிட்டு மற்றொரு தனித் தேனீயை வளர்த்து வருகிறார்கள். எனவே நாம் சொல்லப் போகும் பெட்டி உழவர்களாலேயே சோதிக்கப்பட்ட முறைதான்.

பூசணி, பாகல், வெள்ளரி போன்ற கொடிக் காய்கறிகளுக்கும், முருங்கை, எள், சூரியகாந்தி, அவரைக்கும் தனித் தேனீக்கள் பல வகையில் உதவுகின்றன.

கத்தரியும் தக்காளியும் தனி ரகம். இவற்றின் மகரந்தப் பையில் நுனியில் மட்டும் சிறு துளை இருக்கும். மிளகுப் பொடி டப்பாவைக் குலுக்குவதுபோல் குலுக்கினால்தான் மகரந்தம் கொட்டும். தச்சன் தேனீயும், வயிற்றில் நீலப் பட்டை கொண்ட ஒரு தேனீயும் பூவைக் கவ்விக்கொண்டு உடலை அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்க்கின்றன. பெட்டியில் வளரும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. காற்று ஓரளவு வேலை செய்தாலும், இந்தத் தேனீக்கள் வரும் வயலில் காய் பிடிப்பும் பருமனும் கூடும்.

இருந்த இடம் எங்கே போயிற்று?

முன்பு இவற்றுக்கு நாம் தனியாக இடம் செய்து தர வேண்டிய தேவை இருக்கவில்லை. மண் சுவரும், மூங்கில் கைமரம் போட்ட ஓலைக் கூரையும், கிளுவை வேலியும், பட்டுப்போன மரமும் ஊரெங்கும் இருந்தன. இன்று சுவர் சிமெண்ட் ஆகிவிட்டது. கூரை தகடாகிவிட்டது. உயிர்வேலி இருந்த இடத்தில் கம்பி வேலி நிற்கிறது. வரப்பில் களைக்கொல்லி அடிப்பதால் தும்பையும் கொழிஞ்சியும் மறைகின்றன. குடியிருக்கத் துளையும் இல்லை, பயிர் பூக்காத மாதங்களில் உண்ணப் பூவும் இல்லை என்றால் எந்தத் தேனீ தங்கும்?

ஒரே வகைத் தேனீயை மட்டும் நம்பியிருப்பதும் ஆபத்து. 1991-92 இல் தென்னிந்தியாவில் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் பரவி, பெட்டிகளில் வளர்த்த அடுக்குத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்ததை மார்த்தாண்டம் பகுதித் தேனீ வளர்ப்போர் மறந்திருக்க மாட்டார்கள். பல வகைத் தேனீக்கள் வாழும் தோட்டத்தில் ஒன்று குறைந்தாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

பெட்டி செய்யும் முறை

இதற்குத் தேவையான பொருட்கள் பெரும்பாலும் வீட்டிலும் தோட்டத்திலும் கிடைப்பவையே: உலர்ந்த மூங்கில் அல்லது கொறுக்கைத் தட்டை, பழைய பலகைத் துண்டுகள், ஆணி, ரம்பம், உப்புத்தாள், சிறிது கோழி வலை.

குழல்: நன்கு முற்றி உலர்ந்த மூங்கிலின் நுனிப் பகுதியைத் தேர்ந்தெடுக்கவும். உள்ளே துளையில்லாத கெட்டி மூங்கில் உதவாது. பச்சை மூங்கிலாக இருந்தால் இரண்டு மூன்று வாரம் நீரில் ஊறவைத்து, பிறகு நிழலில் காயவைத்துக்கொண்டால் உளு விழுவது குறையும். குழலின் நீளம் 15 செ.மீ. இருக்கட்டும். ஒரு முனையில் கணு வரும்படி வெட்ட வேண்டும். கணு உள்ள முனை மூடியிருக்கும், மறு முனை திறந்திருக்கும். இரு பக்கமும் திறந்த குழலில் தேனீ கூடு கட்டாது. கணு கிடைக்காத குழலின் பின்புறத்தைக் களிமண்ணால் அடைத்துக் காயவிடலாம்.

துளை அளவு: உள் விட்டம் 5 முதல் 8 மி.மீ. வரை உள்ளவை சிறிய, நடுத்தர இலைவெட்டித் தேனீக்களுக்கும், 8 முதல் 12 மி.மீ. வரை உள்ளவை பெரிய இனங்களுக்கும் பொருந்தும். இரண்டும் கலந்து இருக்க வேண்டும். வெட்டிய வாயை உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்க்கவும். சிலாம்பு நீட்டிக்கொண்டிருந்தால் இறக்கை கிழியும், தேனீ உள்ளே நுழையத் தயங்கும். உள்ளே உள்ள தூளை ஒரு குச்சியால் தட்டி எடுத்துவிடவும்.

கூடு: உள் அகலம் 15 செ.மீ., உயரம் 20 செ.மீ., ஆழம் 18 செ.மீ. கொண்ட பெட்டி ஒரு சிறு தோட்டத்துக்குப் போதும். 2 செ.மீ. கனமுள்ள பலகையானால் பக்கப் பலகை 20 க்கு 18 செ.மீ. அளவில் இரண்டும், மேல் கீழ்ப் பலகை 19 க்கு 18 செ.மீ. அளவில் இரண்டும், பின் பலகை 19 க்கு 24 செ.மீ. அளவில் ஒன்றும் வெட்டிக்கொள்ளவும். முன்பக்கம் திறந்தே இருக்கும். இதில் குழல்களைப் படுக்கை வாட்டில், கணு முனை பின் பலகையைத் தொடும்படி நெருக்கி அடுக்கவும். குழலின் பருமனைப் பொறுத்து எண்பது வரை கொள்ளும். குழல் ஆடாமல் இருக்க இடைவெளியில் சிறு குச்சிகளைச் செருகவும். குழல் 15 செ.மீ., பெட்டி 18 செ.மீ. என்பதால் வாய்கள் 3 செ.மீ. உள்வாங்கி இருக்கும். சாரல் நேரே படாது.

கூரை: மேலே 30 க்கு 32 செ.மீ. அளவில் ஒரு பலகையை, முன்பக்கம் 10 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி சற்றே சாய்வாக அடிக்கவும். தகரம் மட்டும் போட்டால் வெயிலில் பெட்டி அடுப்பாகிவிடும். தகரம் போட்டாலும் அதன் மேல் பனை ஓலை வேய்வது நல்லது.

பலகைக்கு வர்ணம், வார்னிஷ், கரையான் மருந்து, கழிவு எண்ணெய் எதுவும் பூசக் கூடாது. அந்த வாடைக்குத் தேனீ வராது. வந்தாலும் குஞ்சு பிழைக்காது.

பலகையும் தச்சரும் கிடைக்காதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. இருபது முப்பது குழல்களைக் கட்டாகக் கட்டி, வாய் அகன்ற பழைய மண்பானைக்குள் வைத்து, பானையை மேடான இடத்தில் முன்புறம் சற்றே தாழ்ந்திருக்கும்படி சாய்த்து இறுக்கிக் கட்டிவிட்டாலும் போதும்.

கட்டைப் பெட்டி: மூங்கில் இல்லாத இடத்தில் 15 செ.மீ. கனமுள்ள உலர்ந்த மா, பூவரசு, வாகைக் கட்டையில் துளையிடலாம். 6, 8, 10 மி.மீ. அளவில், 10 முதல் 12 செ.மீ. ஆழத்துக்கு, துளைக்குத் துளை 2 செ.மீ. இடைவெளி விட்டுத் துளைக்கவும். துளை மறுபக்கம் வெளிவரக் கூடாது. மரத்தின் வெட்டு முகத்தில் துளையிட்டால் வெயிலில் வெடிப்பு விழும். ஆகவே பக்கவாட்டில், நார் ஓட்டத்துக்குக் குறுக்காகத் துளையிடுவதே சிறந்தது.

தச்சன் தேனீக்கும் சிறு தேனீக்கும்: தச்சன் தேனீ தன் துளையைத் தானே போட்டுக்கொள்ளும். அதற்கு உலர்ந்த பருத்த மூங்கில் கழிகளையோ, கல்யாண முருங்கை போன்ற மென்மரத்தின் பட்ட கட்டையையோ தோட்டத்தின் ஓரத்தில், வீட்டுக்கூரைக்குத் தொலைவாகக் கட்டி வைத்தால் போதும். தண்டின் சோற்றைக் குடையும் சிறு தேனீக்கு, கவாத்து செய்த ரோஜா, மயில்கொன்றைக் குச்சிகளை ஒரு முழ நீளத்தில் வெட்டி, கட்டாகக் கட்டி வேலியில் செருகி வையுங்கள். கவாத்துக் குச்சிகளை எரிப்பதைக் காட்டிலும் இது நல்லது.

எங்கே, எப்போது வைப்பது?

தரையிலிருந்து ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் உயரத்தில், கிழக்கு அல்லது தென்கிழக்கு பார்த்து வைக்கவும். காலை வெயில் பட்டால் தேனீ சீக்கிரம் வேலைக்குக் கிளம்பும். பிற்பகல் வெயிலுக்கு மர நிழல் வேண்டும். பெட்டி காற்றில் ஆடக் கூடாது. கயிற்றில் தொங்கவிடாமல், ஊன்றிய கம்பத்திலோ சுவரிலோ இறுக்கமாகப் பொருத்த வேண்டும். ஒருமுறை குடியேறிய பிறகு இடம் மாற்றினால் தாய்த் தேனீ வழி தெரியாமல் கூட்டைக் கைவிட்டுவிடும்.

சிறிய தனித் தேனீக்கள் சில நூறு மீட்டருக்கு அப்பால் இரை தேடிப் போவதில்லை. ஆகவே பெட்டி பயிருக்கு அருகிலேயே, வரப்பிலோ கிணற்று மேட்டிலோ இருக்க வேண்டும். அருகில் சிறிது ஈர மண் இருந்தால், மண்ணால் அடைக்கும் இனங்களுக்கு உதவும். ஒரே இடத்தில் ஒரு பெரிய பெட்டி வைப்பதைவிட, சிறு பெட்டிகள் இரண்டு மூன்றைப் பல மூலைகளில் வைப்பதே மேல். நோயும் எதிரிகளும் ஒரே இடத்தில் குவியாது.

பயிர் பூப்பதற்கு ஒன்றரை மாதம் முன்பே பெட்டியை வைத்துவிடுங்கள். ஆடிப் பட்டத் துவரைக்கு ஆவணிக்குள் பெட்டி தயாராக வேண்டும். பூக்கும் காலத்தில் வடகிழக்குப் பருவ மழை குறுக்கிடும் என்பதால், கூரையின் முன் நீட்டத்தைக் குறைக்காதீர்கள். முதல் ஆண்டில் சில குழல்களே நிரம்பினாலும் மனம் தளர வேண்டாம். அங்கே பிறந்த தேனீக்கள் பெரும்பாலும் அங்கேயே கூடு கட்டும் பழக்கமுடையவை.

எதிரிகளும் காவலும்

முதல் எதிரி எறும்பு. கம்பத்தின் அடியை நீர் நிரம்பிய கிண்ணத்தில் நிறுத்துங்கள். அல்லது கம்பத்தைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்குக் கிரீஸ் தடவுங்கள். கிளையோ புல்லோ பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தால் எறும்புக்கு அதுவே பாலம் ஆகிவிடும். பல்லி, அணில், பறவைகளைத் தடுக்க முன்புறத்தில் கோழி வலை அடிக்கலாம். குழல் வாய்க்கும் வலைக்கும் நான்கைந்து செ.மீ. இடைவெளி இருக்கட்டும். சிலந்தி வலையை வாரம் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

அடைத்த வாயில் தேனீயின் உடல் அளவுக்குத் துளை விழுந்திருந்தால் குஞ்சு நலமாக வெளியேறிவிட்டது என்று பொருள். ஊசி முனை அளவுக்குச் சிறு துளைகள் பல தெரிந்தால் ஒட்டுண்ணிக் குளவி உள்ளே புகுந்து குஞ்சைத் தின்றிருக்கிறது. அத்தகைய குழலை எடுத்து எரித்துவிட வேண்டும்.

சில குழல்களில் மண்குளவி குடியேறும். அதை விரட்ட வேண்டாம். அது தன் குஞ்சுக்கு உணவாகப் பச்சைப் புழுக்களைப் பிடித்து அடைக்கும். நம் பயிரைத் தின்னும் புழுக்களும் அதில் அடங்கும்.

மிக முக்கியமானது, பழைய குழலை மாற்றுவது. ஒரே குழலில் ஆண்டுக்கணக்காகக் கூடு கட்டினால் உண்ணியும் பூசண நோயும் பெருகிவிடும். இதற்கு எளிய வழி உண்டு. நிரம்பிய குழல்களை ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து, மூடியுள்ள ஓர் அட்டைப் பெட்டியில் அடுக்கி, பெட்டியின் ஒரு பக்கத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரே ஒரு துளை இட்டு, மழை படாத இடத்தில், கூட்டுப் பெட்டிக்கு அருகிலேயே வைக்கவும். உள்ளிருந்து பிறக்கும் தேனீ வெளிச்சத்தை நோக்கி வெளியே வரும். இருட்டான பழைய பெட்டிக்குத் திரும்பாது. அருகில் உள்ள புதிய குழல்களில் குடியேறும். எல்லாம் வெளிவந்த பிறகு பழைய குழல்களை எரித்துவிடலாம். குழலை நகர்த்தும்போது குலுக்கவோ, செங்குத்தாகத் தலைகீழாக்கவோ கூடாது. முட்டை களியிலிருந்து பிசகிவிடும்.

மருந்து அடிக்கும் முன்

எவ்வளவு நல்ல பெட்டி செய்து வைத்தாலும், பூத்திருக்கும் பயிரில் காலை பத்து மணிக்கு மருந்து அடித்தால் அத்தனையும் வீண். கூட்டுத் தேனீயில் நூறு வேலைக்காரத் தேனீ செத்தாலும் ராணி இருக்கும், கூட்டம் மீளும். தனித் தேனீயில் ஒரு தாய் செத்தால் அந்தக் கூடு அத்தோடு முடிந்தது. பாதி நிரம்பிய அறையை முடிக்க வேறு யாரும் வர மாட்டார்கள். அடுத்த ஆண்டுக்கான தேனீயும் அன்றே போய்விடுகிறது.

துவரையில் காய்ப்புழுவுக்கு அஞ்சிப் பூக்கும் தருணத்தில்தான் நாம் அதிகம் தெளிக்கிறோம். ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறிகள் வைத்துத் தாய் அந்துப்பூச்சியின் நடமாட்டத்தைக் கவனியுங்கள். தேவையென்று தெரிந்தால் மட்டும் தெளியுங்கள். முதலில் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல், அல்லது காய்ப்புழுவுக்கான என்.பி.வி. நச்சுயிரி என்று தொடங்குங்கள். இரசாயன மருந்து தவிர்க்க முடியாதபோது, மாலை ஐந்து மணிக்குமேல், தேனீக்கள் குழலுக்குத் திரும்பிய பிறகு, பெட்டியின் மேல் சாரல் படாமல் தெளியுங்கள். இமிடாகுளோபிரிட், தயமீதாக்சாம் போன்ற ஊடுருவிப் பாயும் மருந்துகள் பூந்தேனிலும் மகரந்தத்திலும் கலக்கக் கூடியவை. திறந்த வயலில் இவற்றைப் பயன்படுத்த 2018 இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது தேனீக்களின் நலன் கருதியே. பூக்கும் பயிரில் இவற்றை அறவே தவிர்க்கவும்.

பெட்டிக்கு வராத தேனீக்கள்

தேனீ இனங்களில் பெரும்பகுதி மண்ணில் வளை தோண்டி வாழ்பவை. கத்தரிப் பூவை அதிரச் செய்யும் நீலப் பட்டைத் தேனீயும் மண்ணிலும் மண் சுவரிலுமே கூடு கட்டும். இவை நம் பெட்டிக்கு வர மாட்டா. இவற்றுக்காகத் தோட்டத்தின் ஒரு மூலையில், தண்ணீர் தேங்காத மேட்டில், வெயில் படும் சிறு நிலத்தை உழாமல் விட்டு வையுங்கள். இடிந்த மண் சுவர் ஒன்று இருந்தால் அதை உடனே தரைமட்டமாக்காதீர்கள். வேலி ஓரத்தில் ஆவாரை, கொழிஞ்சி, துளசி, சணப்பை, அகத்தி என்று மாறி மாறிப் பூக்கும்படி செடிகள் இருந்தால் எல்லாத் தேனீக்களுக்கும் ஆண்டு முழுவதும் உணவு கிடைக்கும்.

சில ஐயங்கள்

கொட்டுமா? கூட்டைக் காக்கும் படை இவற்றுக்கு இல்லை. கையில் பிடித்து நசுக்கினால் ஒழிய பெண் தேனீ கொட்டுவது அரிது. ஆணுக்குக் கொடுக்கே இல்லை. முகத்துக்கு நேரே வந்து ரீங்காரமிட்டு மிரட்டும் தச்சன் தேனீ பெரும்பாலும் ஆணாகத்தான் இருக்கும். குழந்தைகள் உள்ள வீட்டிலும் பயமின்றி வைக்கலாம்.

இலை வெட்டினால் பயிருக்கு நட்டம் இல்லையா? ஒரு செடியில் சில இலைகளின் ஓரம் போகும். மகசூல் அதனால் குறையாது. வட்ட வெட்டைக் கண்டு மருந்து அடித்துவிடாதீர்கள். பூ விற்பனைக்காக ரோஜா வளர்ப்பவர்கள் மட்டும் பெட்டியைச் சற்றுத் தள்ளி வைக்கலாம்.

துவரை விதைப் பண்ணை வைத்திருப்பவர்கள் என்ன செய்வது? தேனீ மிகுந்தால் அயல் மகரந்தக் கலப்பும் மிகும். ஆகவே வேறு இரகத் துவரை அருகில் இல்லாதபடி, விதைச் சான்று அலுவலர் குறிக்கும் தனிமைத் தூரத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

பெட்டி வைத்துப் பதினைந்து நாள் கழித்து, அடைபட்ட குழல்களை எண்ணி ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். எந்தத் துளை அளவு அதிகம் நிரம்புகிறதோ, அதுவே உங்கள் தோட்டத்துத் தேனீக்கு ஏற்ற அளவு. அடுத்த ஆண்டு அந்த அளவில் அதிகக் குழல் வையுங்கள். கூடவே பூசணியில் எத்தனை பெண் பூவுக்கு எத்தனை காய் நின்றது என்றும் குறித்துக்கொண்டால் பலன் கண்கூடாகத் தெரியும். மேலும் விவரம் வேண்டுவோர் தங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தின் பூச்சியியல் வல்லுநரை அணுகலாம்.

உலர்ந்த மூங்கிலும் ஒரு நாள் உழைப்பும்தான் இதற்கு முதலீடு. இந்தக் கோடையில் ஒரு பெட்டி செய்து கிணற்று மேட்டில் நிறுத்துங்கள். ஆடியில் விதைத்த பயிர் பூக்கும்போது, அதற்கு வேண்டிய வேலையாட்கள் அந்த மூங்கில் குழல்களிலிருந்தே கிளம்பி வருவார்கள்.